நான்காம் டூல் உடைந்த மதியம்

பிப்ரவரி 9

பாயிண்டுக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் போனில் என் எண்ணை அடைத்து வைத்திருக்கிறாய், அதனால்தான் இந்த வழி. முகவரியை அத்தையிடம் வாங்கினேன். அவரைத் திட்டாதே. தர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார், நான் விடவில்லை.

நலமா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மேனேஜர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். நான்காம் டூலான ட்ரில்லின் நீளத்தை நீ மெஷினில் தவறாக ஏற்றினாய், அதனால் ட்ரில் அளவுக்கு மீறி இறங்கி, பீஸைப் பிடித்திருக்கும் வைஸில் மோதி உடைந்தது, அந்தத் துண்டு பட்டுத்தான் பீஸின் விளிம்பில் பிசிறு எடுக்கும் அக்காவுக்குக் கண்ணில் அடி என்று டைப் செய்திருக்கிறது. கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவதான் வேலைய விட்டே போயிட்டாளே, இனிமே அவளுக்கு என்ன வந்துடப் போகுது? நீங்க போட்டுட்டீங்கன்னா இத மூடிடலாம்" என்கிறார்.

பேனாவைத் திறந்தேன். பிறகு மூடி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

யோசிக்க யோசிக்க எனக்குச் சந்தேகம் உன் மேல்தான் போகிறது. வேலைக்கு வந்த புதிதில் நீ ஒரு எண்ணில் புள்ளி வைக்க மறந்தாய். ஐந்து மில்லிமீட்டர் என்று நீ நினைத்ததை மெஷின் தலைமுடியை விட மெலிதான ஏதோ ஒன்றாக எடுத்துக்கொண்டது. அன்றைக்கு எதுவும் உடையவில்லை, சிரித்தோம், உனக்கு இந்தப் பெயர் வந்தது. இந்த முறை யாராலும் சிரிக்க முடியவில்லை.

காலை முழுக்க அதே டூல், அதே புரோகிராம், ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சாப்பாட்டுக்குப் பிறகு முதல் ஓட்டத்திலேயே உடைந்தது. அப்படியானால் இடையில் யாரோ எண்ணைத் தொட்டிருக்கிறார்கள். அன்று நீ சாப்பிட வரவில்லை. உன் டப்பா மேஜையில் திறக்காமலே கிடந்தது. எங்கே போயிருந்தாய்? அடுத்த வாரமே சொல்லாமல் கொள்ளாமல் பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டாய். மடியில் கனம் இல்லாதவள் ஏன் அப்படிப் போக வேண்டும்?

அக்காவின் வலது கண்ணுக்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். முகம் தெரியவில்லையாம்.

உன் அண்ணன் வாயே திறப்பதில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார், கை கழுவுகிறார், எழுந்து போகிறார். மெயின்டனன்ஸில் இருக்கிற மனுஷன், தன் கையால் பார்த்துப் பார்த்துக் கவனித்த மெஷின் இப்படி ஆனதில் அவருக்கும் மனசு விட்டுப்போயிருக்கிறது.

ஒரே கேள்விதான். நான்காம் டூலின் எண்ணை மாற்றினாயா?

அண்ணி


பிப்ரவரி 16

அண்ணிக்கு,

அந்தப் பெயரை இனி எழுதாதீர்கள். இங்கே யாருக்கும் அது தெரியாது. இங்கே நான் செட்டர். பத்து மெஷின் இருக்கிற ஷாப்பில் டூல் நீளமும் பீஸின் பூஜ்யமும் நான் வைத்துக் கொடுத்த பிறகுதான் ஆட்கள் பட்டனைத் தொடுகிறார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: மாற்றவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். நம் மெஷினில் வேலை எப்படிப் பிரிந்திருந்தது என்று மேனேஜரிடம் சொன்னீர்களா? ஒவ்வொரு டூலும் எவ்வளவு நீளம் என்று மெஷினுக்குச் சொன்னது நான். வைஸில் பிடித்த பீஸின் மேல்முகம், அதாவது அதன் பூஜ்யம், எங்கே இருக்கிறது என்று சொன்னது நீங்கள். இரண்டில் எது பொய்யாகிப்போனாலும் ட்ரில் போகக் கூடாத ஆழத்துக்குத்தான் போகும். அப்படியிருக்க அந்தத் தாளில் என் பாதி மட்டும் ஏன் இருக்கிறது? உங்கள் பாதியை யார் எடுத்தார்கள்?

அன்று நான் திரும்பி வந்தபோது நீங்கள் எனக்கு முன்பே பேனல் முன்னால் நின்றிருந்தீர்கள். தனியாக. திரையில் எண்கள் இருந்த பக்கம் திறந்திருந்தது. என் செருப்புச் சத்தம் கேட்டதும் பக்கத்தை மாற்றினீர்கள். நான் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டில் குழப்பம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதற்கு நீங்கள் கொடுக்கிற பெயர் ஓட்டம்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் டூல் மேல்முகத்தைச் சீவும்போதே சத்தம் சரியில்லை. கனமாக உறுமியது. என் கை நிறுத்தும் பட்டனுக்குப் போனது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "பீஸ் இந்த தடவ கொஞ்சம் மொரடா வந்திருக்கு, ஓடட்டும்." நான் கையை எடுத்தேன். நீங்கள் சொன்னதற்காக எடுத்தேன்.

அடுத்த மாதம் எனக்குச் செட்டர் வேலை தருவதாக இருந்தது. உங்கள் பக்கத்தில், உங்களுக்குச் சமமாக. அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்து நீங்கள் பேசவில்லை. உங்கள் மேல் சந்தேகப்படுவது நான் மட்டும் இல்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய ஒருவர் வாயாலேயே கேட்டுவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.

கையெழுத்துப் போட்டால் போடுங்கள். எனக்குத் தெரிந்ததை நானும் எழுதி அனுப்புவேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 22

தங்கச்சிக்கு,

அந்தப் பெயரை விட்டுவிட்டேன். உனக்கு இவ்வளவு வலித்தது எனக்குத் தெரியாது. மற்றதையெல்லாம் விடுவதாக இல்லை.

பேனல் முன்னால் நின்றேன், உண்மைதான். டூல் நீளங்கள் இருக்கிற பக்கத்தைத் திறந்தேன், அதுவும் உண்மைதான். நீ வைத்த எண்களைச் சரிபார்க்கத் திறந்தேன். நீ இல்லாதபோது பார்த்தேன், ஏனென்றால் நீ இருக்கும்போது பார்த்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். இரண்டாம் டூல் வரைக்கும்தான் கண் போனது, அதற்குள் வந்துவிட்டாய். திருட்டுத்தனமாக இருந்ததே என்று வெட்கப்பட்டு மாற்றினேன். பார்த்தேன், தொடவில்லை. நம்புவாயா என்று கேட்க மாட்டேன். நான் உன் இடத்தில் இருந்தால் நம்ப மாட்டேன்.

உனக்குச் செட்டர் வேலை வருவது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பிடிக்கவில்லைதான். வீட்டிலும் நீ, ஷாப்பிலும் நீ, எனக்கென்று ஒரு மூலைகூட இல்லையே என்று எரிச்சல். அதற்காக ஒருத்தியின் கண்ணைப் பணயம் வைப்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோமே.

"ஓடட்டும்" என்று சொன்னேன். அதை நான் மறக்கவில்லை. நீ நினைவுபடுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கதவை அவர் மகள் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. அக்காவே குரல் கேட்டு வரச் சொன்னார். கட்டுப் பிரித்துவிட்டார்கள். அந்தக் கண் திறந்துதான் இருக்கிறது, ஆனால் நம் பக்கம் திரும்பும்போது கொஞ்சம் தள்ளி எதையோ பார்க்கிறது. நான் வாங்கிப் போன பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

"ரெண்டு பேர்ல யாருன்னு யாராவது ஒருத்தி சொல்லுங்கம்மா. எனக்கு அது போதும். யார் மேல கோபப்படறதுன்னு தெரியாம உக்காந்திருக்கறது இருக்கே, அது கண்ண விட கஷ்டமா இருக்கு."

எனக்குத் தெரியாது அக்கா என்றேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை.

கையெழுத்துக்கு மார்ச் கடைசி வரை நேரம் கேட்டிருக்கிறேன். மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது.

நீ இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்கே இருந்தாய்? என் மேல் சந்தேகம் என்று உன்னிடம் சொன்னது யார்? எனக்கு வேண்டியவர் என்கிறாய். எனக்கு வேண்டியவர்கள் ரொம்பப் பேர் இல்லை. ஒரு கையில் எண்ணினால் விரல் மிஞ்சும்.

அண்ணி


மார்ச் 1

அண்ணிக்கு,

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது நான் இருக்கிற இந்தக் கம்பெனியில் இருந்து கூப்பிட்டிருந்தார்கள். வேறு வேலை தேடியதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. நீங்கள் ஒரு மூலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மட்டும் இருந்ததா? அங்கே நான் என்ன செய்தாலும் உங்கள் நாத்தனார், அண்ணனின் தங்கச்சி. போகத்தான் இருந்தேன். அக்காவுக்கு அடிபட்டதனால் போனதாக ஆகிவிட்டது.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுத ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சொன்னது அண்ணன்தான்.

அக்காவுக்கு அடிபட்ட மறுநாள் மாடியில் துணி எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்தான். "அண்ணிதான் ஏதோ நம்பர மாத்தியிருப்பா போல. நீ எதுவும் கேக்காத, பெருசு பண்ணாத. வேற எடத்துல வேல கெடைச்சா போயிடு. இங்க நா பாத்துக்கறேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. பெண்டாட்டியைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், தங்கச்சியை விட்டுக்கொடுக்கவும் முடியாமல் தவிக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்காகத்தான் கிளம்பினேன்.

இதைப் படித்துவிட்டு அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள். பொய் சொல்கிறவன் இல்லை அவன்.

ஒரு வழி இருக்கிறது. அன்று வைஸில் இருந்த பீஸ்களைச் சிவப்புப் பெயிண்ட் அடித்து இன்ஸ்பெக்‌ஷன் அறை ரேக்கில் வைத்திருந்தார்கள். இன்னும் இருந்தால் எடுத்து அளந்து பாருங்கள். துளையை அளக்க வேண்டாம், மேல்முகத்தை அளங்கள். முதல் டூல் சீவிய முகம் சரியான உயரத்தில் இருந்தால், நான்காம் டூல் மட்டும்தான் தப்பு. அது என் தப்பு. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன், உங்கள் கையில் கறை படிய வேண்டாம். முகமும் ஆழமாகப் போயிருந்தால், எல்லா டூலும் ஒன்றாக இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கப் பீஸின் பூஜ்யம் மாறியிருக்க வேண்டும். அது உங்கள் தப்பு.

அளப்பீர்கள், எனக்குத் தெரியும். அளந்ததை அப்படியே எழுதுவீர்களா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நாத்தனார்


மார்ச் 9

தங்கச்சிக்கு,

அளந்தேன். மெஷினில் இருந்த இரண்டு வைஸில், இடது வைஸின் பீஸை முதலில் எடுத்தேன்; அதன் மேல்முகம் நாலு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியிருக்கிறது. நீ கேட்ட உறுமல் அதுதான்.

உன் கணக்குப்படி குற்றவாளி நான்.

மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாமல் அந்தப் பீஸைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, முகம் சரியாக இருந்தது என்று உனக்கு எழுதலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். மறுநாள் வலது வைஸில் இருந்த பீஸையும் எடுத்தேன். அதில் துளை இல்லை, ட்ரில் இடது பக்கத்திலேயே உடைந்துவிட்டதே. முகம் மட்டும் சீவியிருந்தது. அளந்தேன். அதே அளவு. மயிரிழை மாறவில்லை.

இனி நான் எழுதுவதைப் பொறுமையாகப் படி. இடது வைஸுக்கு ஒரு எண், வலது வைஸுக்கு வேறு எண். தனித்தனியாக அளந்து தனித்தனியாகப் போட்டவை. வலது பக்க எண்ணை நான் முந்தின வாரமே போட்டுவிட்டேன். தவறிப்போய்க் கை பட்டிருந்தாலும் ஒரு எண் கெடும். இரண்டு எண்ணும் ஒரே அளவுக்கு எப்படிக் கெடும்? எல்லாவற்றையும் சேர்த்து நகர்த்தும் பொது எண் ஒன்று இருக்கிறது, யாரும் தொடாத வரி. அன்று டூல் பக்கத்துக்குப் போகும் வழியில் அதைக் கடந்துதான் போனேன். பூஜ்யமாகத்தான் இருந்தது.

ஆக உன் எண்ணும் கெடவில்லை, என் எண்ணும் கெடவில்லை. மெஷின் தலை மேலே போய் நிற்குமே, ஹோம், நாம் இரண்டு பேரும் எதை அளந்தாலும் அங்கிருந்துதானே அளக்கிறோம். அந்த ஹோமே கீழே இறங்கியிருந்தால் எல்லாம் ஒன்றாகத்தான் இறங்கும். இதை அன்றைக்கே பார்த்திருக்கலாம். மெஷினைச் சரிசெய்ய வந்த சர்வீஸ் ஆட்கள் எல்லா எண்ணையும் அழித்து, ஹோமையும் புதிதாக வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று. உன்னிடம் மாடியில் சொன்னவர், என்னிடம் சமையலறையில் சொன்னார். "அவதான் பாயிண்ட் விட்டிருப்பா. சின்னப் பொண்ணு, விட்டுடு, கேட்டு அழ வெக்காத." அப்போதும் கண் கலங்கியிருந்தது. நானும் உன்னைப் போலவேதான் நினைத்தேன், தங்கச்சிக்காகத் தவிக்கிறார் என்று.

அன்று காலை திரையில் ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கிற பேட்டரி தீரப்போகிறது என்று. நான்தான் அவரிடம் சொன்னேன். மதியம் நான் வந்து பார்த்தபோது எச்சரிக்கை போயிருந்தது. மாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. நான் தப்பாக நினைக்கிறேன் என்றால் உடனே எழுது. எழுதினால் சந்தோஷப்படுவேன்.

அண்ணி


மார்ச் 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இங்கே மெயின்டனன்ஸில் இருக்கிற பெரியவரிடம் போனேன். யார், எங்கே என்று சொல்லவில்லை, சும்மா கேட்பது போலக் கேட்டேன். "மெஷின் ஓடிட்டிருக்கும்போது, பவர் இருக்கும்போதுதான் அந்த பேட்டரிய மாத்தணும். ஆஃப் பண்ணிட்டுக் கழட்டினா அதுக்குத் தான் எங்க நிக்கறோம்னே மறந்துபோயிடும். அப்புறம் நாமதான் ஹோம் எங்கன்னு சொல்லிக்குடுக்கணும். சொல்லிக்குடுத்துட்டு, டூல்ல இருந்து எல்லாத்தயும் மறுபடி செக் பண்ணாம ஒரு பீஸ்கூட ஓட்டக் கூடாது" என்றார். எதற்குக் கேட்கிறாய் என்றார். தெரிந்துகொள்ளத்தான் என்றேன். முகத்தைப் பார்த்துவிட்டு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

நீங்கள் தப்பாக நினைக்கவில்லை. தப்பாக நினைக்கிறீர்கள் என்று எழுதத்தான் ஆசை.

பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் தோற்றபோது என் தேர்வுத் தாளில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவன் அண்ணன். எனக்காகப் பொய் சொல்வான் என்று தெரியும். என்னை வைத்துப் பொய் சொல்வான் என்று தெரியாது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் சரி. இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தாள் இன்னும் மேனேஜரிடம்தான் இருக்கிறது. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் உங்கள் வீடு அப்படியே நிற்கும், அவன் வேலை நிற்கும், நான் எங்கோ தூரத்தில் இருக்கிறேன். உங்களைக் கேட்க ஒருவரும் வர மாட்டார்கள். நீங்கள் என்னோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள், ஆனால் எனக்காக எதையாவது விட்டுக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது மட்டும் ஏன் செய்யப் போகிறீர்கள்?

நாத்தனார்


மார்ச் 25

தங்கச்சிக்கு,

உன் கடைசி வரியைப் படித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை படுத்திருந்தார். இவர் சாப்பிட உட்கார்ந்தார். எதிரில் உட்கார்ந்து, "பேட்டரிய மாத்தும்போது மெஷின் ஓடிட்டு இருந்துச்சா, ஆஃப்ல இருந்துச்சா?" என்று கேட்டேன். பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. அதுவே பதில்தான். ஆனாலும் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.

"ஆஃப் பண்ணிட்டுதான் தொறந்தேன். ஷாக் அடிச்சிடுமோன்னு" என்றார். "ஆன் பண்ணா ஹோம் மறந்துபோயிருந்துச்சு. பக்கத்துல ஹோமுக்குன்னு ஒரு பழைய கோடு போட்டிருப்பாங்கல்ல, அதப் பாத்து நிறுத்தினேன். கண்ணுக்குச் சரியாத்தான் இருந்துச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாத்தயும் செக் பண்ணியிருப்போமே."

"சொல்லத்தான் வந்தேன். வழில மேனேஜர் பிடிச்சுக்கிட்டாரு. பேசிட்டு இருக்கும்போதே சத்தம் கேட்டுச்சு."

"அதுக்கு அப்புறம்?"

தட்டை ஓரமாகத் தள்ளினார். "நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

சர்வீஸ் ஆட்களிடம் எண்களை அழிக்கச் சொன்னது யார் என்றேன். அதுவும் இவர்தான். தங்கச்சியை ஊரை விட்டே அனுப்பினீர்களே என்றேன். அப்போது சொன்னார் பார், "அவளுக்கு அங்க நல்ல வேலதானே கெடைச்சிருக்கு." என் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதைப் பாத்திரத்திலேயே வைத்தேன். எப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மேனேஜரிடம் போவதற்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். வர மாட்டேன் என்றார். அப்படியானால் நானே தனியாகப் போகிறேன், போனால் நான் சொல்கிற விதமாகத்தான் அவர்களுக்குத் தெரியும் என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

அங்கே போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்து நாலு வார்த்தை போயிருக்காது, அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அங்க இருந்தா யாரு பேசறாங்கன்னே தெரியல" என்றார். இவர் எழுந்து அவருடைய இடது பக்கம் போய், பலகையில் விளிம்போரமாக உட்கார்ந்து, முழுக்கச் சொன்னார். கோடு, பேட்டரி, மாடி, சமையலறை, எல்லாம். எதையும் பூசி மெழுகவில்லை. அந்த மட்டில் சொல்ல வேண்டும்.

அக்கா சத்தம் போடவில்லை. மகள்தான் எழுந்து வெளியே போய்விட்டாள். "ஒரு நாளைக்கு இவ, ஒரு நாளைக்கு உங்க தங்கச்சின்னு மாத்தி மாத்தித் திட்டிட்டு இருந்தேன். நல்லா இருக்க மாட்டாளுங்கன்னு சொன்னேன். அத எங்க போயி திருப்பி வாங்கறது?" என்றார். இவரைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க. உங்ககிட்ட நா இன்னும் என்ன பேசணும்னு எனக்குத் தெரியல" என்றார். என் கையை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

மேனேஜர் விஷயம் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. கேட்டுவிட்டு அவர் செய்த முதல் காரியம், அதே தாளில் உன் பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதச் சொன்னதுதான். மெஷின் கதவின் ஜன்னல் ரொம்ப நாளாக விரிசல் விட்டிருந்தது, நாம் இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லியும் மாற்றவில்லை, துண்டு வெளியே வந்தது அந்த வழியாகத்தான், அதையும் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். குதித்தார். உங்கள் புருஷனைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள் என்றார். இவரைப் பற்றிய வரி அப்படியே இருக்கட்டும், ஒரு எழுத்தும் குறைக்க வேண்டாம், இதைச் சேருங்கள் என்றேன். மேலிடத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் சேர்த்தார்கள். வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உன் பெயர் எதிலும் இல்லை.

நான் இப்போது அத்தை அறையில் படுக்கிறேன். அத்தை ஏன் என்று கேட்கவில்லை. இவர் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார், துணி துவைக்கிறார், நான் வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போகிறார். என்ன ஆகும் என்று தெரியவில்லை. தெரிந்தது போல எழுத மாட்டேன்.

உனக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார். இதோடு சேர்த்து அனுப்பச் சொன்னார். உன்னைக் கேட்காமல் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

அண்ணன் கடிதத்தை இப்போது அனுப்ப வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம். அவனிடமே இருக்கட்டும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். உங்கள் உறை கனமாக இருந்தது. பிரிக்கும்போதே, கையெழுத்துப் போட்டுவிட்டு அதற்கு நீளமாகக் காரணம் எழுதியிருக்கிறீர்கள் என்று முடிவுகட்டிவிட்டேன். முதல் பக்கத்தைத் தாண்டியும் அந்தக் காரணம் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே படித்தேன். மேனேஜர் அறை வரை வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். மறுபடி முதலில் இருந்து படித்தேன், இந்த முறை ஒழுங்காக.

திரும்பி அங்கே வேலைக்கு வர மாட்டேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. யாருக்கும் நான் யாருடைய ஆளும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். அக்காவைப் பார்க்க வேண்டும். திட்டினதைத் திருப்பி வாங்கச் சொல்ல இல்லை, சும்மா பக்கத்தில் உட்கார. அம்மாவையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் வந்தால் அண்ணனோடு என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. ஒருவேளை பேசாமலே வந்துவிடுவேன். நீங்கள் நடுவில் எதுவும் சொல்லிச் சேர்த்துவைக்கப் பார்க்காதீர்கள்.

இவ்வளவு நாளும் அண்ணனைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும், உங்களைத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களைத் தெரியாது என்பது மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். உங்கள் எண்ணை அடைத்ததை எடுத்துவிட்டேன், இறங்கியதும் கூப்பிடுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணன் வர வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

நாத்தனார்